சொன்னது சொன்னபடி

எழுதத் தொடங்குமுன் அவர் பேனாவைக் காகிதத்தில் ஊன்றிவிட்டு, நிமிர்ந்து, எதிரில் இருப்பவரின் வாயைப் பார்ப்பார். கண்ணைப் பார்க்க மாட்டார். வாய் அசைந்தால் பேனா அசையும். வாய் நின்றால் பேனாவும் நிற்கும். நாம் யோசிக்கும் நேரத்தில் அவர் நமக்காக யோசிக்க மாட்டார். கொசு கடித்தாலும் கையை எடுக்காமல் அப்படியே காத்திருப்பார்.

சென்னைக்கு வெளியே, வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் அந்த அம்மாவுக்கு வேலை. நகல் எடுப்பார், ஸ்டேப்ளர் பின் அடிப்பார், கேட்பவர்களுக்கு மனுவும் விண்ணப்பமும் எழுதிக் கொடுப்பார். அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. பக்கத்து ஊரான நூம்பலில் பிறந்து, நூம்பலிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே இருந்தவர். ப்ளஸ் டூ வரை படித்துவிட்டு டைப்ரைட்டிங் கற்றிருந்தார். ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதுவார். எழுதியதில் பாதிக்குத்தான் அவருக்கு அர்த்தம் தெரியும். பெரிய, உருண்டையான எழுத்து. ஒரு பக்கத்தில் பதினைந்து வரிக்கு மேல் வராது.

ஒருமுறை நான் நகலுக்காகக் காத்திருந்தபோது ஒரு பெரியவர் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத வந்தார். பெயர், வயது, முகவரி எல்லாம் சொன்னார். தொழில் என்ற இடம் வந்தது.

"இன்னாத்த சொல்றது? ஒண்ணும் இல்ல. உக்காந்துகினு கீறேன்" என்றார்.

அந்த அம்மா அதை அப்படியே எழுதினார். 'இன்னாத்த சொல்றது, ஒண்ணும் இல்ல, உக்காந்துகினு கீறேன்.' கடை முதலாளி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "யம்மா, 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை போட்டாப் போதாதா?"

"அவரு அப்டி சொல்லலியே."

"ஆபீஸ்ல திருப்பி அனுப்புவான்."

"அனுப்புனா வரட்டும். வேற சொல்லட்டும். வேற எழுதுறேன்."

அந்த விண்ணப்பம் திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறாரே என்று முதலாளியைப் பற்றி நினைத்தேன். அடுத்த மாதமே எனக்கே அந்த அம்மா தேவைப்பட்டார்.

என் மகள் ஆதிரைக்கு அப்போது பதினொரு வயது. நாங்கள் கரூரிலிருந்து வந்தவர்கள். நானும் என் கணவரும் மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்த்தோம். நூம்பலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. ஆதிரை மூன்று வயதில் தானாக வாசித்தாள். ஐந்து வயதில், எந்தத் தேதியைச் சொன்னாலும் அது என்ன கிழமை என்று சொன்னாள். எட்டு வயதில், அவள் அப்பா ப்ளஸ் ஒன்னில் படித்த கணக்கை அவருக்கே விளக்கினாள். ஆனால் எழுத வராது. ஒரு வரி எழுதுவதற்குள் விரல்கள் வெளுத்துப்போகும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பட்டன் போட வராது. ஷூ லேஸ் கட்ட வராது. பள்ளியில் சோம்பேறி என்றார்கள், திமிர் என்றார்கள். பரீட்சையில் முதல் கேள்விக்குப் பாதி விடை எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

அண்ணாநகரில் ஒரு மனநல நிபுணரிடம் அழைத்துப் போனோம். இரண்டு நாள் சோதித்தார். மிகவும் அபூர்வமான அறிவு, எழுதுவதில் குறைபாடு, இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம் என்றார். அவள் அளவுக்குக் கஷ்டமான பாடம் கொடுங்கள் என்றார். பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் வையுங்கள் என்றார். இவள் திறமையை வித்தையாக்கி நாலு பேருக்குக் காட்டாதீர்கள் என்றும் சொன்னார். இன்னும் நிறைய சொன்னார். கடைசியில் அவள் அறிவுத்திறனுக்கு ஒரு எண்ணும் கொடுத்தார். நான் அந்த எண்ணை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

ஆசிரியராக இருக்கக் கூடாது, உறவினராக இருக்கக் கூடாது, ஆளை நீங்களே கொண்டு வாருங்கள் என்றது பள்ளி. நிபுணர் கொடுத்த சான்றிதழை நகல் எடுக்கக் கடைக்குப் போன இடத்தில் அந்த அம்மா அதை வாசித்துப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு எழுத வராதா?"

"வராது."

"பேச வருமா?"

"அதெல்லாம் நிறுத்தவே மாட்டாள்."

"அப்பால இன்னா. நான் எழுதுறேன்" என்றார். பரீட்சை நாட்களில் மட்டும் முதலாளி அவரை விட்டார்.

ஆறாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு. லேபுக்குப் பக்கத்தில் ஒரு தனி அறை கொடுத்தார்கள். ஆதிரை நடந்துகொண்டே சொல்லலாமா என்று கேட்டாளாம். "நீ நட, ஓடு, இன்னா வோணா பண்ணு. சத்தமா சொல்லு" என்றாராம். திருத்திய விடைத்தாள்கள் வந்தபோது அறிவியல் தாளில் ஒரு இடத்தில் சிவப்பு மையில் பெரிய வட்டம். நீர் சூடாகி ஆவியாகி மேலே போகிறது என்று ஆங்கிலத்தில் விடை போய்க்கொண்டிருந்தது. நடுவில் தமிழில், 'கழுத்துல குத்துது' என்று இருந்தது. மறுபடி ஆங்கிலத்தில், அது குளிர்ந்து மேகமாகிறது.

நான் கடைக்குப் போய்க் கேட்டேன். "அக்கா, இதையுமா எழுதுவீங்க?"

"சொல்லுச்சே."

"பரீட்சைக்கா சொன்னாள்?"

"பரீட்சை எழுதறப்பதான் சொல்லுச்சு. இங்கிலீஷ்ல சொன்னா இங்கிலீஷ், தமிழ்ல சொன்னா தமிழ். எது பதிலு, எது பதிலு இல்லன்னு எனுக்கு எப்டிம்மா தெரியும்?"

அன்று சாயங்காலம் ஆதிரையின் சீருடையைத் திருப்பிப் பார்த்தேன். காலரில் தைத்திருந்த லேபிள் தடித்த நைலான். அவள் பின்கழுத்தில் தோல் சிவந்து காய்ப்பு ஏறியிருந்தது. இரண்டு வருஷமாக அந்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கெட்ட பழக்கம் என்று நான் கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். பிளேடால் எல்லாச் சட்டையிலும் லேபிளை அறுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் விடைத்தாள்களை முழுக்க வாசித்தேன். வீட்டில் ஆதிரை எதைப் பற்றியும் பேசுவாள், தன்னைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டாள். வரலாற்றுத் தாளில், அசோகருக்கும் கலிங்கத்துக்கும் இடையில், 'பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல, அதனால நான் ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறதில்ல' என்று இருந்தது. அந்த வருஷம் அவளுக்கு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்திருந்தது. வெயில் என்று நினைத்திருந்தேன். பள்ளியில் பேசித் தாழ்ப்பாள் போட வைத்தேன்.

இதற்கெல்லாம் அவருக்கு நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்ன ஞாபகம் இல்லை. எனக்கு மதிப்பெண் உறுத்திக்கொண்டிருந்தது. கணக்கில் விடை மட்டும் சொல்லிவிட்டு, 'பார்த்ததுமே தெரிஞ்சுது, படியெல்லாம் கேட்காதீங்க' என்பாள். அதுவும் தாளில் இருக்கும். அறிவியலில் கேள்வியே தப்பு என்று இரண்டு பக்கம் சொல்வாள். கேள்வி தப்புதான், ஆனால் பூஜ்யம் போடுவார்கள். இவ்வளவு அறிவுள்ள பிள்ளை அறுபதும் ஐம்பத்தைந்தும் வாங்கியது.

ஏழாம் வகுப்பில், அரையாண்டுக்கு முந்தின வாரம், நோட்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மத்தியானம். அவர் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவள் எங்கேயோ போனா நீங்க கொஞ்சம் இதில் இருக்கிற மாதிரி திருத்திப் போடுங்க. அவளுக்கு எல்லாம் தெரியும். கொஞ்சம் ஒழுங்குபடுத்தினாப் போதும். ஒரு வரி, ரெண்டு வரி."

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"எங்க சின்னவ, என் தங்கச்சி, கட்டிக்குடுத்த எடத்துல நெருப்புல வெந்துட்டா. ஆஸ்பத்திரில படுத்துகினு சொன்னா. நான் பக்கத்துலயே நின்னுகினு கீறேன். வாக்குமூலம் எழுத வந்தவரு ஸ்டவ் வெடிச்சிச்சின்னு எழுதினாரு. அவ சொன்னது அது இல்ல." ஒரு வாய் சோறு எடுத்தார். "ஒரு வரிதாம்மா மாத்துனாரு."

பிறகு டப்பாவை மூடிவிட்டு, "வேற ஆளு பாத்துக்கோ. இல்லாங்காட்டி இப்டியே உடு" என்றார்.

வேறு ஆள் கிடைக்காததால் இப்படியே விட்டேன். அவர் தங்கை விஷயம் எனக்கு அப்போது ஒன்றும் செய்யவில்லை. பேச்சை மாற்றுகிறார் என்று தோன்றியது.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்குப் புதுத் தாளாளர் வந்தார். ஆதிரையின் படத்தைப் போட்டு வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார். பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர்முன் அவளை அழைத்து, தேதி கேட்கச் சொல்வார். அவள் கிழமை சொல்வாள். அவர்கள் செல்போனில் சரிபார்த்துவிட்டுக் கைதட்டுவார்கள். எங்கள் குடியிருப்பில் சுதந்திர தின விழாவிலும் அதுவே நடந்தது. அதை ஏற்பாடு செய்தவள் நான். மாவட்ட அளவில் ஒரு போட்டியில் பரிசும் வாங்கினாள்.

அந்த வருஷ அரையாண்டில், ஆங்கிலத் தாளில், நீ வாங்கிய ஒரு பரிசைப் பற்றித் தோழிக்குக் கடிதம் எழுது என்று ஒரு கேள்வி. தாளாளர் என்னை அறைக்கு வரச் சொன்னார். இரண்டு ஆசிரியைகள் நின்றிருந்தார்கள். அவர் விடைத்தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தார். 'அன்புள்ள தோழிக்கு' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து உடனே தமிழுக்கு வந்திருந்தது.

'எனக்குத் தோழி யாரும் இல்ல. பரிசு குடுத்தாங்க. எல்லாரும் தேதி கேட்பாங்க, நான் சொல்லுவேன். நான் சொல்றப்ப அம்மா என்னைப் பார்க்க மாட்டாங்க. கேட்டவங்க மூஞ்சியைப் பார்ப்பாங்க. நான் தப்பாச் சொன்னா என்ன ஆகும்னு பார்க்கணும். ஆனா வாய் சரியாத்தான் சொல்லுது.'

"இதையெல்லாம் எழுதத்தான் ஆள் வெச்சிருக்கீங்களா மேடம்?" என்றார் தாளாளர். ஒரு ஆசிரியை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அடுத்த பரீட்சைக்குப் பள்ளியே ஆள் போடும் என்றார் தாளாளர். நான் சரி என்றேன்.

கடைக்குப் போனேன். "இனிமே நீங்க வர வேண்டாம் அக்கா."

"சரிம்மா" என்றார். அவர் ஒரு காகிதக் கட்டுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தார். அடித்து முடிக்கும்வரை அங்கே நின்றேன்.

விதியையெல்லாம் மறந்து, அடுத்த தேர்வில் ஒரு ஆசிரியையே எழுதினார். அறிவியலில் தொண்ணூற்றெட்டு. கணக்கில் எல்லாப் படிகளோடும் நூறு. அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தேன். வீட்டில் ஆதிரை விடைத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தாள்.

"இது என் பேப்பர் இல்லம்மா."

"உன் பேர்தானே போட்டிருக்கு."

"பேர் என்னோடதுதான்" என்றாள்.

முழு ஆண்டுத் தேர்வில் அவள் வாயே திறக்கவில்லை. ஐந்து பரீட்சையிலும் அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றிலும் தொண்ணூறுக்கு மேல் வந்தது. நான் கேட்டபோது, "நான் சொல்லலைன்னாலும் மார்க் வருதே" என்றாள். அது அந்த வருஷம் அவள் என்னிடம் பேசிய கடைசி முழு வாக்கியங்களில் ஒன்று. மே மாதம் பேச்சு குறைந்தது. ஜூனில் நின்றது. பசித்தால் தட்டை எடுத்து வைத்துக்கொள்வாள். கேள்வி கேட்டால் சுவரைப் பார்ப்பாள். அண்ணாநகர் நிபுணர் மருந்து எழுதவில்லை. "யார்கிட்ட பேசினா அவள் சொன்னது அப்படியே நிக்கும்னு அவளுக்கு நம்பிக்கை இருக்கோ, அவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

என் கணவர் உடனே, "அந்த ஜெராக்ஸ் கடை அம்மா" என்றார்.

மறுபடி கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "சனிக்கெயம வரேன்" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். ஆதிரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரே நாற்காலி போட்டு, மடியில் அட்டையும் காகிதமும் வைத்து, பேனாவை ஊன்றி அவள் வாயைப் பார்த்தார். நான் கதவோரம் நின்றேன். ஒரு மணி வரை அப்படியே இருந்தார்கள். பிறகு எழுந்து, அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். வெறும் காகிதம்.

"இதான் சொல்லுச்சு" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் வெறும் காகிதம். அதற்கடுத்த வாரமும். அவர் அவளை "பேசு கண்ணு" என்று ஒருமுறைகூடக் கெஞ்சவில்லை. நான்தான் சமையலறையில் நின்று, இதனால் என்ன பயன் என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்காவது வாரம் நல்ல புழுக்கம். மின்சாரம் இல்லை. அவருக்கு நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து அட்டையில் விழுந்தது. பேனாவை எடுக்கவில்லை. ஒரு மணிக்குக் காகிதத்தைக் கொடுத்தார். பெரிய உருண்டை எழுத்தில் ஒரே வரி இருந்தது. 'அக்காவுக்குத் தண்ணி குடுங்க.'

மூன்று வாரமாக அவருக்கு ஒரு வாய் தண்ணீர் நான் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார். ஆதிரை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு காகிதங்கள் நிறைந்தன. எனக்குக் காட்டச் சொல்வதை மட்டும் அவர் கொடுப்பார். மற்றதை அவளிடமே கொடுத்துவிடுவார். முதலில் வந்தது: 'அந்த ஸ்கூலுக்குப் போக மாட்டேன்.' நிறுத்தினோம். 'எனக்குத் தெரியாத கணக்கு வேணும்.' அம்பத்தூரில் ஒரு ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியரைப் பிடித்தோம். முதல் நாளே ஒரு கணக்கில் அவள் தோற்றாள். நாலு நாள் அதோடு கிடந்தாள். சாப்பிடும்போதும் அதே. 'தேதி கேட்காதீங்க.' கேட்கவில்லை. அவள் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டாள். அதைச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான், சனிக்கிழமைகளிலேயே. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாகக் கணினியில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. தேறிவிட்டாள்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கடை போய்விட்டது. அவர் ஆவடிப் பக்கம் மகன் வீட்டுக்குப் போனார். கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு எண் மாறிவிட்டது என்றாள் ஆதிரை. என்னிடமும் அவர் எண் இல்லை. ஆதிரைக்கு இப்போது இருபது வயது. கணிதம் படிக்கிறாள். ரயிலில் கல்லூரிக்குத் தனியாகப் போய் வருகிறாள். என்னோடு வேண்டிய அளவு பேசுவாள். வெல்க்ரோ ஒட்டும் ஷூதான் போடுவாள்.

போன மாதம் மாங்காட்டில் அவரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, காமாட்சி அம்மன் கோவில் வரிசை. எனக்கு நாலு பேர் முன்னால் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். நான் "அக்கா" என்றதும் திரும்பினார். அடையாளம் தெரிந்தது. பின்னால் வந்து என்னோடு நின்றுகொண்டார்.

"பாப்பா எப்டி கீது?"

"நல்லா இருக்கா அக்கா. சந்தோஷமா இருக்கா."

அவர் என் வாயைப் பார்த்தார்.

"அது சொல்லுச்சா, நீ சொல்றியா?"

வரிசை நகர்ந்தது. இரண்டு அடி நடந்தோம்.

"நான்தான் சொல்றேன்" என்றேன்.

"ம்" என்றார். உள்ளே போனதும் கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். வெளியே வந்து செருப்புவிடும் இடத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தேன். அவர் வேறு வழியாகப் போயிருக்க வேண்டும். போன் எண்ணை வாங்கியிருக்கலாம் என்று பஸ்ஸில் ஏறின பிறகுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது ஆதிரை சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்தேன் என்று சொன்னேன். தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். எங்கே, எப்படி இருக்கிறார், கண் தெரிகிறதா என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். உன்னைப் பற்றிக் கேட்டார் என்றேன்.

"என்ன சொன்ன?"

"சந்தோஷமா இருக்கான்னு சொன்னேன்."

அவள் மடிக்கணினியை மூடினாள். நான் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டேன். இருபது வருஷத்தில் இதை அவளிடம் கேட்டதில்லை.

வெகுநேரம் யோசித்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

"தெரியலம்மா" என்றாள்.

சரி என்றேன்.